வீடு திரும்பிய குதிரை

லெட்சுமணன் வீட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்று சும்மா இருக்கத்தான் நினைக்கிறேன். ஆனால் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் எங்கள் லயத்து வீடுகளை, காம்பராக்களை, கட்டியவர்கள் நடுச்சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறாயுசு" என்கிறேன். குற்றம் சுவருடையது.

முன்கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. லெட்சுமணன் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்ந்தவர். மகன் தரணிதரன் மரக்கறி லொறி ஓட்டுகிறான். அவன் மனைவி சர்மிளா மஞ்சள் காமாலை முற்றிக் கண்டியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடினாள். போன மாதம் அவன் உடப்புசல்லாவைப் பக்கமிருந்து கிருஷாந்தி என்கிற பெண்ணைத் தாலி கட்டிக் கூட்டிவந்தான்.

சர்மிளா விட்டுப்போன பிள்ளை கேஷிகாவுக்குப் பத்து வயது. புதிதாக வந்தவளை அவள் எந்த உறவுமுறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "அங்க இருக்கு". அவ்வளவுதான். பிள்ளை வாய் திறந்து கூப்பிடாத வீட்டில் ஒருத்தி எத்தனை நாள் தரிப்பாள் என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பேச்சு நடந்தது. தீபாவளி தாண்டாது என்று சொன்னவளும் உண்டு. அது யாரென்று இப்போது எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மூத்தாளுக்குப் படையல். இரண்டாவதாக வந்தவள், முன்னே இருந்தவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, அவள் படத்துக்கு முன்னால் ஒரு புதுச் சேலையையும் வைத்துக் கும்பிட வேண்டும். பிறகு காம்பராவைக் காலி செய்துகொண்டு எல்லோரும் வெளியே வந்து நிற்க வேண்டும். செத்தவள் வந்து சேலையைப் பார்த்துவிட்டுப் போக அவகாசம். அப்புறம் அதே சேலையை இளையவள் உடுத்திக்கொள்ள வேண்டும். மூத்தவள் பொறாமைப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு. உயிரோடு இருக்கிற சக்களத்திகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எத்தனை லயத்தில் சண்டை குறைந்திருக்கும்!

தரணிதரனின் அக்காள் நாகலெட்சுமி இதற்காகவே கீழ் டிவிஷனிலிருந்து விடிந்ததும் ஏறி வந்தாள். மூச்சு வாங்கி முடிவதற்குள் அதிகாரம் தொடங்கிவிட்டது.

"சர்மிளாவுக்கு ரொட்டியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும்னா உசுரு. சம்பலுக்கு எலுமிச்சை புழிஞ்சியா?"

"புழிஞ்சேன் அண்ணி."

"நெறைய புழிஞ்சிராத. அவளுக்குப் புளிப்பு ஆகாது."

"ஒரு சொட்டுதான் விட்டேன்."

"அது எப்படி ஒனக்குத் தெரிஞ்சிச்சு?"

கிருஷாந்தி பதில் சொல்லாமல் அம்மியைக் கழுவப் போய்விட்டாள். இதை நான் கவனித்தேன். நாகலெட்சுமி கவனிக்கவில்லை. அவளுக்குக் கேள்வி கேட்பதில்தான் ருசி, பதிலில் இல்லை.

கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தரணிதரன் போனில் கூப்பிட்டான். "கினிகத்தேனைக்கிட்ட மண்ணு சரிஞ்சு ரோட்டு மூடிக் கெடக்கு அக்கா. எனக்காகப் பாக்காதீங்க, படைச்சிருங்க." இரண்டு பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்காமல் தப்பிக்க ஒரு மனிதனுக்கு இவ்வளவு உதவி கிடைப்பது அபூர்வம்.

படைத்தோம். மாம்பழ மஞ்சளில் ஹட்டனில் வாங்கிய சேலை, மடிப்புக் கலையாமல் தாம்பாளத்தில் இருந்தது. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு எல்லோரும் வாசலில் வந்து நின்றோம். பனி மலையிலிருந்து இறங்கி, முதலில் கோயில் கோபுரத்தை விழுங்கி, பிறகு எதிர் லயத்தை விழுங்கி, எங்கள் காலடிக்கு வந்தது. வழக்கமான பனிதான். ஆனால் அன்றைக்கு அது நின்று வழி கேட்பதைப் போலக் கொஞ்சம் தயங்கியது. பிறகு எங்களைத் தாண்டிக் காம்பராவுக்குள் போயிற்று.

 

"போதும். போய் உடுத்திட்டு வா," என்றாள் நாகலெட்சுமி.

உள்ளே போன கிருஷாந்தி உடனே வாசலுக்குத் திரும்பி வந்தாள். சேலை கையில் இருந்தது.

"அண்ணி, சேலை சூடா இருக்கு."

"என்னது?"

"யாரோ இப்பதான் அவுத்து வச்ச மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்க."

நாகலெட்சுமி தொடவில்லை. "வெளக்குப் பக்கத்துல இருந்திச்சில்ல. கதை பேசாமப் போய்க் கட்டு."

நான் தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரில் அலுமாரிக்குள் இருக்கிற துணியே பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தது போலச் சில்லிட்டிருக்கும். அந்தச் சேலை சூடாகத்தான் இருந்தது. விளக்குக்கும் தாம்பாளத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு தூரம். இருந்தாலும் விளக்குத்தான் என்று நானும் சொல்லிவைத்தேன். கிருஷாந்தி அதையே உடுத்திக்கொண்டு வந்தாள்.

சாப்பாடு முடிந்தது. லெட்சுமணன் மாமா வழக்கம் போலச் செஸ் பலகையை எடுத்து விரித்தார். சாவு வீடோ, சடங்கு வீடோ, சோறு உள்ளே போனால் பலகை வெளியே வந்தாக வேண்டும். அவர் வீட்டில் காய்களுக்குப் பெயரே வேறு. ராஜா துரை, அதாவது தோட்டத்து மேலாளர். ராணி அவர் மனைவி துரைசாணி. கோட்டை ஸ்டோர். மலையில் குறுக்கு வழியாகவே நடக்கிறபடியால் மந்திரி கணக்கப்பிள்ளை. முன்னால் வரிசையில் நிற்கிற சிப்பாய்கள் ஆட்கள். குதிரை மட்டும் குதிரை. எங்கள் தோட்டத்தில் குதிரைக்கு வேறு பெயர் வைக்க ஒருவருமில்லை.

"வா மருமகளே, உக்காரு. வெள்ளை ஒனக்கு."

"எனக்கு இது தெரியாது மாமா."

"தெரியாதவங்ககூட ஆடத்தான் மாமாவுக்குப் பிடிக்கும்," என்றேன் நான். "அப்பதானே ஜெயிக்கலாம்."

"அம்மாக்கண்ணு, நீ தேத்தண்ணி குடிக்க வந்தியா, வாயக் குடுக்க வந்தியா?" என்றார் மாமா என்னைப் பார்த்து.

"ரெண்டுக்கும்தான்."

கேஷிகா அம்மாவின் படத்துக்குக் கீழே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சர்மிளா இருந்தவரை இந்தப் பலகையில் மாமனாரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தவள் சர்மிளாதான். அவள் போன பிறகு பிள்ளை பலகைப் பக்கமே திரும்புவதில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

மாமா பாடத்தைத் தொடங்கினார். "மொதல்ல இதக் கேட்டுக்க. காலையில பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்து முடிஞ்சதும் மொதல்ல மலைக்குப் போறது யாரு? ஆளுங்க. தொரையா போவாரு? அதனால நடுவுல நிக்கிற ரெண்டு ஆள மொதல்ல அனுப்பு. அப்புறம் குதிரை. அப்புறம் கணக்கப்புள்ள. கடைசியா தொரைய ஸ்டோருக்குப் பின்னால கொண்டு போய் ஒளிச்சு வச்சிரணும். எல்லாத் தொரையும் அங்கதான் இருப்பாங்க. விளங்குதா?"

"விளங்குது மாமா."

தலையாட்டிக்கொண்டே அவள் கை நீண்டது. ஆளைத் தொடவில்லை. துரை பக்கத்துக் குதிரையை எடுத்து முன்னால் வைத்தது.

மாமா சிரித்தார். "ஆளுங்க வேலைக்கு எறங்கல, அதுக்குள்ள குதிரை எங்க போகுது? சரி, சரி. மொத நாளு." தன் துரைசாணி பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நின்ற ஆளைத் தாராளமாக இரண்டு கட்டம் தள்ளினார். அந்தப் பக்கமாக ஓடிப் பிடித்து ஆடுவது அவருக்குப் பழக்கம்.

கிருஷாந்தி குதிரை விட்டுப்போன இடத்துக்கு முன்னால் இருந்த ஆளை ஒரு அடி நகர்த்தினாள். மாமா முன்பு தள்ளிய தன் ஆளை இன்னும் ஒரு அடி தள்ளினார். இப்போது சிரிப்பில்லை. வாய் மட்டும் சிரித்தபடி நின்றுவிட்டது.

மூன்றாவதாக அவள் கணக்கப்பிள்ளையை எடுத்தாள். ஆள் விட்ட ஓட்டையில் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னலோரம் ஒருவனை உட்கார வைப்பது போல.

மாமா நிமிர்ந்து நாகலெட்சுமியைப் பார்த்தார். நாகலெட்சுமி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"இது சர்மிளா ஆட்டம்," என்றார் மாமா. குரல் அவருடையதாக இல்லை. "குதிரை, ஒரு ஆளு, மூலையில கணக்கப்புள்ள. நான் எத்தன தடவ திட்டியிருப்பேன். கேக்க மாட்டா. இந்தப் பிரதேசத்துலயே வேற யாரும் எங்கிட்ட இப்படி ஆடினதில்ல."

"சும்மா வச்சேன் மாமா," என்றாள் கிருஷாந்தி.

மாமா எதையோ ஆட வேண்டும் என்பதற்காக நடு ஆள் ஒன்றை ஒரு அடி நகர்த்தினார். சாய்ந்த ஆளைப் பிடித்து நிறுத்தினார்.

கிருஷாந்தியின் கை மறுபடி நீண்டது. அவள் கண் பலகையில் இல்லை. அது எங்கே இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னால் அனுப்பிய குதிரையைத் தூக்கினாள். அது எந்த இடத்திலிருந்து கிளம்பியதோ அந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள்.

குதிரை விலகியதும் ஜன்னலோரக் கணக்கப்பிள்ளைக்கு வழி திறந்தது. பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோணலாக ஒரே பார்வை. அதன் முடிவில் மாமாவின் ஸ்டோர் காவலில்லாமல் நின்றது.

"வேற எங்க போனாலும் வழி தொறக்குமே," என்று மாமா முணுமுணுத்தார். "எதுக்காக வீட்டுக்குத் திரும்பி வருது?"

அப்போதுதான் கேஷிகா எழுந்தாள். மஞ்சள் சேலை உடுத்தியிருந்தவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா?" என்றாள்.

கூப்பிடவில்லை. கேட்டாள்.

நாகலெட்சுமி போட்ட சத்தத்தில் எதிர் லயத்து நாய் குரைத்தது. "ஐயோ, சேலையோட வந்துட்டாடா! நான் சொன்னேனே, சூடா இருக்குன்னு சொன்னேனே!" அவள் அப்படிச் சொல்லவேயில்லை. "அப்பா, எந்திரிங்க. சோலைமலைக் கோடாங்கியக் கையோட கூட்டிட்டு வருவோம். இதுக்குள்ள எறங்கியிருக்கது யாருன்னு அவரு உடுக்கையடிச்சுக் கேட்டு வெரட்டட்டும். போகலன்னா இவளும் வேணாம், இவ சீரும் வேணாம், உடப்புசல்லாவைக்கே அனுப்பிருவோம். புள்ளைய வச்சிருக்க வீடு!"

வழுக்கும் படியில் அவள் விழுந்துவிடக் கூடாதென்று மாமாவும் கூடப் போனார். அல்லது பலகையிலிருந்து தப்பித்தால் போதுமென்று போனார்.

கிருஷாந்தி குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஆறுதல் சொல்லத்தான்.

"புள்ள, எங்கிட்ட சொல்லு. நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?"

இந்தக் கேள்விக்குச் சிரிக்காத முதல் ஆள் அவள்தான்.

"எனக்கு அவங்களைத் தெரியும் அக்கா."

"யார?"

"சர்மிளாக்காவ. கண்டி ஆஸ்பத்திரியில எங்கம்மா அவங்களுக்கு அடுத்த கட்டில். நான் அம்மாவுக்குத் துணையா நின்னேன். பிஸ்கட் பெட்டி அட்டையில கட்டம் போட்டு, மருந்துக் குப்பி மூடியில காய் செஞ்சு வச்சிருந்தாங்க. பொழுது போகாம எனக்கும் சொல்லித் தந்தாங்க. மொதல்ல குதிரை, அப்புறம் ஆளு, அப்புறம் மூலையில கணக்கப்புள்ள. இந்த வீட்டப் பத்தி எல்லாம் சொன்னாங்க. மாசிச் சம்பல், மாமாவோட பாடம், கேஷிகா..."

"தரணிதரன் ஒன்ன அங்க பாக்கலியா?"

"ஞாயித்துக்கிழமை வருவாரு. அவங்க பேசட்டும்னு நான் வெளியில போயிருவேன். பின்னாடி தரகர் வந்து பேரச் சொன்னப்ப ஒடனே யாருன்னு வெளங்கிருச்சு. சரின்னு சொன்னேன். தெரியும்னு மட்டும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவாங்க அக்கா? பொண்டாட்டி சாகக் கெடக்கும்போதே புருசன நோட்டம் விட்டான்னு சொல்ல மாட்டாங்க?"

சொல்லியிருப்போம். பீலியடியில் அதற்கு ஒரு வாரம் போதாது.

"அப்ப குதிரையத் திருப்பிக் கொண்டாந்ததும் அவ சொல்லித் தந்ததா?"

"அவங்க மூணுதான் சொல்லித் தந்தாங்க. நாலாவது கைக்குத் தானா வந்துச்சு. சொல்லித் தந்து நான் மறந்திருப்பேன் போல. வேற எப்படி வரும்?"

"சரி. நான் சொல்றதக் கேளு. வாயத் தொறக்காத. கோடாங்கி வந்து திருநீறு போட்டுட்டுச் சேவல வாங்கிட்டுப் போகட்டும். புள்ள வாயில அம்மான்னு வந்திருச்சு. ஒரு மாசமா வராதது. அத ஏன் கெடுத்துக்கிற? அது நெனச்சிட்டுப் போகட்டும்."

"செத்த அம்மா எம் மேல வந்திருக்குன்னு நெனச்சிட்டா?"

"என்னத்தையோ நெனச்சிட்டு. நீ வீட்டுல நிலைப்ப."

"என்னைய அது பாக்கவே பாக்காதே அக்கா. என் மூஞ்சியில தெனமும் வேற ஆளத் தேடும்."

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன் காம்பராவுக்குப் போனாள். தேத்தண்ணிக் கோப்பையோடு நான் கதவு நிலையில் நின்றேன். குடிப்பதற்கு நல்ல இடம் அது. எல்லாம் தெரியும்.

கேஷிகா பலகைக்கு முன்னால் மாமாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எந்தக் காயையும் தொடவில்லை. கிருஷாந்தி எதிரில் உட்கார்ந்தாள்.

"கேஷிகா, நான் ஒங்கம்மா இல்ல. ஒங்கம்மா எம் மேல வரவும் இல்ல. ஆஸ்பத்திரியில நாங்க பழக்கம். இந்த ஆட்டத்த அவங்கதான் எனக்குச் சொல்லித் தந்தாங்க. இத மொத நாளே சொல்லியிருக்கணும். சொல்லல. அத்தை வந்ததும் அவங்ககிட்டயும் சொல்லிருவேன். அதுக்கு அப்புறம் என்னைய இருக்கச் சொல்றாங்களோ, போகச் சொல்றாங்களோ."

பிள்ளை அழும், அல்லது எழுந்து ஓடும் என்று நான் எதிர்பார்த்தேன். அது குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணும் அம்மா சொல்லித் தந்திருப்பாங்க," என்றாள் கேஷிகா. "இது?"

"அதுவும் அவங்க..."

"அம்மாவுக்கு இது தெரியாது."

கிருஷாந்தி குதிரையைப் பார்த்தாள்.

"இது நான் கண்டுபிடிச்சது. அம்மா செத்ததுக்குப் பொறகு. தாத்தா டவுனுக்குப் போற நேரமெல்லாம் நான் தனியா ஆடுவேன். குதிரை மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தா என்ன ஆகும்னு பாத்தேன். வந்தா வழி தொறந்துச்சு. யாருக்கும் காட்டல. தாத்தாவுக்குக் கூட. அந்தப் படத்துக்கு முன்னால வச்சு அம்மாகிட்ட மட்டும்தான் காட்டினேன்."

கோப்பை என் கையில் ஆறிப்போயிருந்தது. கிருஷாந்தி தன் வலது கையை, அது இன்னொருவருடைய கை என்பது போல, மடியில் வைத்துப் பார்த்தாள். விளக்கு எப்போதோ அணைந்துவிட்டது. மஞ்சள் சேலையின் முந்தானை அவள் தோளில் கிடந்தது. அது இன்னும் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க எனக்கு ஆசை. நிலையிலேயே நின்றேன்.

"பயப்படாதீங்க," என்றாள் கேஷிகா. பத்து வயதுப் பிள்ளை, கணக்குப் பாடம் விளக்குகிற மாதிரிச் சொன்னாள். "நான் அம்மாகிட்ட காட்டினேன். அம்மா ஒங்ககிட்ட காட்டியிருக்காங்க. அவ்வளவுதான்."

வெளியே பனிக்குள் படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. டுமுக், டுமுக் என்று உடுக்கை. கூடவே நாகலெட்சுமியின் குரல், கோடாங்கிக்கு நடக்காததையெல்லாம் சேர்த்து விளக்கிக்கொண்டு.

"அத்தை யாரக் கூட்டிட்டு வர்றாங்க?"

"கோடாங்கியத்தான் புள்ள," என்றேன். "சும்மா திருநீறு போட."

"இல்ல. அம்மாவ வெரட்ட."

நான் மறுப்பதற்குள் பிள்ளை ஓடிப்போய்க் கதவைச் சாத்திக் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அடுத்த கணம் கதவு தட்டப்பட்டது.

"கேஷிகா! கதவத் தொறடி! கிருஷாந்தி, உள்ள என்ன நடக்குது? அம்மாக்கண்ணு, நீயும் உள்ளதான் இருக்கியா?"

கீழ்த் தாழ்ப்பாள் லெட்சுமணன் மாமா கல்யாணம் கட்டிய காலத்துச் சாமான். இரண்டு தட்டுக்கு மேல் தாங்காது. பிள்ளை நுனிக்காலில் எம்பி மேல் தாழ்ப்பாளுக்குக் கை நீட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"சித்தி, எனக்கு எட்டல."

ஒரு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சொல். கிருஷாந்தி கதவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். திறந்தால் நாகலெட்சுமியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சற்று முன் சொன்னதும் அதுதான். ஆனால் அந்த உண்மையில் மூன்று நகர்த்தல்கள்தானே இருந்தன?

அவள் எழுந்து போய் மேல் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.

வெளியே உடுக்கை வேகம் பிடித்தது. நீ எங்களை மட்டும்தான் உள்ளே வைத்துப் பூட்டினாயா, சர்மிளாவையும் சேர்த்தா என்று அவளிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. எனக்கு வாய் வராமல் போனது அதுதான் முதல் தடவை.